டிசிப்ளின்னா தமிழ்ல இன்னா? ஒத்தைச் சொல்லுல கேட்டா சிக்கல்தான்

குடியாத்தம் பக்கத்துல இருந்து டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு. டிசிப்ளின்ங்கற வார்த்தைக்கு ஒரு புக்குல ஒழுக்கம்னு இருக்கு, இன்னொண்ணுல ஒழுங்கு, செய்தித்தாள்ல கட்டுப்பாடு, காலேஜ் பாடத்துல துறைன்னு இருக்கு, இதுல எது சரி, ஒரே வார்த்தைக்கு எப்படி சார் இவ்ளோ அர்த்தம்னு. கூடவே மூணு வாக்கியம் கொடுத்து தமிழ்ல எப்படி எழுதறதுன்னும் கேட்டிருக்காரு. 'டிசிப்ளினரி ப்ரொசீடிங்ஸ் ஆரம்பிக்கப்பட்டது', 'எகனாமிக்ஸ் இஸ் எ டிசிப்ளின்', 'டிசிப்ளின் யுவர்செல்ஃப்'. மூணுக்கும் கடைசில வரேன், கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா இந்த ஒரு வார்த்தையால நான் ஒருத்தர் குடும்பத்தையே கொஞ்ச நாள் கலைச்சு விட்டவன். அந்த கதையும் வருது.

நான் வேலூர்ல சர்க்கார் ஆபீஸ்ல முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டினவன், அதுல பாதிக்கு மேல இங்கிலீஷ் ஃபைலை தமிழ் ஃபைலா மாத்தறதுதான் வேலை. அதனால நேரா விஷயத்துக்கு வரேன். இதுல எது சரின்னு கேக்கவே கூடாது, எல்லாமே சரி, எல்லாமே தப்பு. யாரு யாரை எதுக்காக சொல்றாங்கன்னு பாத்துட்டுதான் வார்த்தை போடணும்.

முதல்ல அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு பாப்போம். லத்தீன்ல டிஸ்கெரேன்னா கத்துக்கறது. டிஸ்கிபுலுஸ்னா கத்துக்கறவன், அதாவது சிஷ்யன். டிஸ்கிப்ளினான்னா அந்த சிஷ்யன் கத்துக்கற பாடம், பயிற்சி. ஆக பொறக்கும்போது இதுல பிரம்பும் இல்ல மெமோவும் இல்ல, வாத்தியாரும் பையனும்தான் இருந்தாங்க. கத்துக்கற பாடம்ங்கற அர்த்தத்துல இருந்துதான் இன்னிக்கு எகனாமிக்ஸ் ஒரு டிசிப்ளின்ங்கறாங்க. கத்துக்கறவன் அடங்கி இருக்கணும்ங்கறதுல இருந்து கட்டுப்பாடு வந்துச்சு, அடங்கலன்னா அடி, அதுல இருந்து தண்டனை வந்துச்சு. கத்தோலிக்க சாமியார்மாருங்க தன்னைத்தானே அடிச்சுக்க வச்சிருந்த சின்ன கயித்து சாட்டைக்கே டிசிப்ளின்னு பேரு இருந்துச்சு, அப்படின்னா வார்த்தை எவ்ளோ தூரம் நடந்து போயிருக்குன்னு பாத்துக்குங்க. சிலேட்டுல கிளம்பி சாட்டையில போய் நின்னிருக்கு.

இது ஏதோ வெள்ளைக்காரன் ஊருல மட்டும் நடந்த அதிசயம்னு நெனைக்காதீங்க. சம்ஸ்கிருதத்துல சாஸ்னு ஒரு வேர், சொல்லிக்கொடுக்கறது, கட்டளை போடறது, திருத்தறது எல்லாம் அதுக்கு அர்த்தம். அந்த ஒரே வேர்ல இருந்துதான் சிஷ்யன், சாஸ்திரம், சாசனம், அனுசாசனம் எல்லாமே. அதாவது கத்துக்கறவனும் அதுதான், படிக்கற துறையும் அதுதான், ராஜா போடற உத்தரவும் அதுதான், இந்திக்காரங்க டிசிப்ளினுக்கு சொல்ற அனுசாசனும் அதுதான். லத்தீன்காரன் கட்டின அதே வீட்டை இங்கயும் கட்டி வச்சிருக்காங்க. சிட்சைங்கறது வேற வேர், ஆனா அதுக்கும் இதே கதை. வடக்க சிக்ஷான்னா படிப்பு. நம்ம பக்கம் வந்தா சிட்சைன்னா தண்டனை. பழைய தமிழ் பைபிள் படிச்சவங்களுக்கு தெரியும், கர்த்தர் யார்மேல அன்பா இருக்காரோ அவனை சிட்சிக்கிறாருன்னு வரும், நீதிமொழிகள் பூரா சிட்சைதான்.

நம்ம ஊரு ஆளுங்களுக்கு இதுல ஒரு வசதி இருக்கு. சித்தூரே 1911 வரைக்கும் வட ஆற்காடு ஜில்லாவுலதான் இருந்துச்சு, காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் நெறைய வீட்டுல தெலுங்கு பேசறவங்கதான். அவங்களை கேளுங்க, சிக்ஷன்னா தண்டனை, சிக்ஷணன்னா பயிற்சி, ஒரு 'ண' தான் வித்தியாசம், டிசிப்ளினுக்கு கிரமசிக்ஷணம்பாங்க. முறையான பயிற்சின்னு அர்த்தம், எனக்கு கேட்டா நம்ம எல்லா வார்த்தையையும் விட அது நல்ல வார்த்தை. அப்படியே ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம்னு போனா உருது. அவங்க நஸ்ம்-ஓ-ஜப்த்னு சொல்லுவாங்க, நஸ்ம்னா ஒழுங்கா அடுக்கறது, ஜப்த்னா அடக்கி பிடிச்சு வைக்கறது. இந்த ஜப்த் இருக்கே, அதோட கூடப்பொறந்ததுதான் நம்ம கோர்ட்டு அமீனா கொண்டுவர்ற ஜப்தி. கடன் கட்டலன்னா வீட்டு சாமானை பிடிக்கறதும் கோபத்தை பிடிச்சு வைக்கறதும் ஒரே வேர்னு ஆம்பூர்ல ஒரு தோல்ஷாப் கணக்கப்பிள்ளை எனக்கு சொன்னப்ப நான் பிரியாணியை பாதியில வச்சுட்டு பேப்பர்ல குறிச்சுக்கிட்டேன்.

சரி தமிழுக்கு வருவோம். ஒழுக்கம்.

இது ஒழுகுங்கற சொல்லுல இருந்து வருது. கூரை ஒழுகுது, பைப்பு ஒழுகுதுன்னு சொல்றோமே அதே ஒழுகுதான் (வேலூர்ல கூரை ஒழுகற அளவுக்கு எப்ப மழை வந்துச்சுன்னு கேக்காதீங்க). தண்ணி ஒரு வழியா ஓடற மாதிரி மனுஷன் ஒரு வழியா நடக்கறது ஒழுக்கம். முதல்ல அதுல நல்லது கெட்டது எதுவும் கெடையாது, நடக்கற வழி அவ்ளோதான். அகத்திணை இலக்கணத்துல ஊருக்கு தெரியாம ரெண்டு பேர் காதலிக்கறதுக்கு பேரே களவொழுக்கம். கல்யாணம் பண்ணி வாழறது கற்பொழுக்கம். வீட்டை விட்டுட்டு பரத்தை வீட்டுக்கு போறானே, அதுக்கும் பரத்தையர் ஒழுக்கம்னுதான் பேரு! இன்னிக்கு ஒரு மேடையில ஏறி 'களவு ஒரு ஒழுக்கம்'னு சொல்லி பாருங்க, செருப்பு வரும்.

அப்புறம் திருக்குறள்ல 14வது அதிகாரம் ஒழுக்கமுடைமை. ஒழுக்கம் விழுப்பம் தரலான் அது உயிரைவிட காப்பாத்தப்படணும்னு முதல் குறளே சொல்லுது, அங்க வந்துட்டா ஒழுக்கம்னாலே நல்லொழுக்கம்தான். எது நல்லதுன்னு யாரு முடிவு பண்றதுங்கறதுதான் வம்பு. பரிமேலழகர் உரை எடுத்து பாருங்க, தத்தம் வருணத்துக்கும் நிலைக்கும் சொல்லப்பட்ட ஒழுக்கம்னு எழுதி வச்சிருக்காரு, அதை ஒத்துக்காம பின்னாடி வந்தவங்க வேற உரை எழுதினாங்க. அந்த சண்டைக்குள்ள நான் போகல. நான் சொல்ல வர்றது இன்னான்னா, இன்னிக்கு தெருவுல ஒழுக்கம்னு சொன்னா அர்த்தம் இன்னும் சுருங்கி போச்சு. ஒருத்தன் லஞ்சம் வாங்கினா அவனை ஒழுக்கம் கெட்டவன்னு யாரும் சொல்றதில்ல. ஒரு பொண்ணு ராத்திரி எட்டு மணிக்கு ஒருத்தன் வண்டியில வந்து எறங்கினா சொல்றாங்க.

இப்ப என் கதை. தொண்ணூறுகள்ல நடந்தது. எங்க ஆபீஸ்ல ஒரு இளநிலை உதவியாளர், ஆரணி பக்கத்துல இருந்து பஸ்ல வர்ற ஆளு, வாரத்துல மூணு நாள் லேட்டு, கேட்டா பஸ்ஸு பஞ்சர்ம்பாரு. ஒரு நாள் அதிகாரிகிட்ட எதிர்த்து பேசிட்டு லீவு லெட்டரை மேசைமேல வீசிட்டு போயிட்டாரு. அதிகாரி இங்கிலீஷ்ல கொதிச்சு ஒரு குறிப்பு எழுதினாரு, அதுல 'ஆக்ட்ஸ் ஆஃப் இண்டிசிப்ளின்'னு ஒரு வரி. தமிழ் வரைவு போட வேண்டியது நான். டிசிப்ளின்னா ஒழுக்கம், இண்டிசிப்ளின்னா ஒழுக்கக்கேடு, கணக்கு சரியாத்தான இருக்குன்னு 'ஒழுக்கக்கேடான செயல்களில் ஈடுபட்டமைக்காக ஏன் தங்கள் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது'ன்னு எழுதி கையெழுத்துக்கு வச்சேன், அவரும் போட்டுட்டாரு. ஆளு லீவுல இருந்ததால குறிப்பாணை ரிஜிஸ்டர் தபால்ல வீட்டுக்கு போச்சு.

வீட்டுல அன்னிக்கு இருந்தது மாமனாரு. பிரிச்சு படிச்சிருக்காரு. அவ்ளோதான், சாயந்தரம் மச்சான்மாருங்க ரெண்டு பேர் வந்துட்டாங்க, "எவடா அவ?"ன்னு. இவரு பஸ்ஸு லேட்டான கதையை சொல்றாரு, எவன் நம்புவான், சர்க்காரே முத்திரை குத்தி எழுதி அனுப்பியிருக்கே. அந்தம்மா கொழந்தையை தூக்கிக்கினு தாய்வீட்டுக்கு போயிட்டாங்க. மூணாம் நாள் மனுஷன் ஆபீஸுக்கு வந்து, கத்துவாருன்னு பாத்தா கத்தல, என் மேசை முன்னாடி நின்னுக்கினு, "சார், நான் லேட்டா வந்தன், ஒத்துக்கறன், பெரியவரை எதிர்த்து பேசனன், அதுவும் தப்புதான். ஒழுக்கம் கெட்டு எங்க சார் போனன் நானு?"ன்னு கேட்டாரு. எனக்கு வாய் வரல.

அடுத்த வாரமே திருத்தம் போட்டோம். 'ஒழுக்கக்கேடான என்பதை ஒழுங்கீனமான எனத் திருத்தி வாசிக்கவும்'னு ரெண்டு வரி. ரெண்டு சொல்லும் பக்கத்து பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரிதான் தெரியும், ஆனா ஒழுங்கீனம்னா நேரத்துக்கு வரல, சொன்னதை செய்யல, வரிசை தப்பிச்சு. ஒழுக்கக்கேடுன்னா ஆளே கெட்டவன். திருத்தம் ஒரு வாரத்துல போச்சு, அந்தம்மா திரும்பி வர ஆறு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் என் சர்வீஸ்ல ஒழுக்கம்ங்கற வார்த்தையை எழுதறதுக்கு முன்னாடி பேனாவை கீழ வச்சுட்டு ஒரு டீ குடிச்சுட்டு வந்துதான் எழுதுவேன்.

ஒழுங்குங்கற சொல்லு அதுக்கு நேர் மாறா பாவம் ஒண்ணும் தெரியாத சொல்லு. வரிசை, முறை, அடுக்கு. குடியாத்தம் தறியில பாவு இழை ஒழுங்கா இருக்கணும், ஒண்ணு மாறினா லுங்கி கட்டம் கோணிக்கும், அதுக்காக இழைக்கு ஒழுக்கம் இல்லன்னு யாராவது சொல்லுவாங்களா? மோட்டார் ஒழுங்கா ஓடுது, ஓடல. விவசாயிங்க வெளைச்சலை கொண்டுவந்து விக்கற எடத்துக்கு பேரு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். அதனாலதான் சர்க்கார் பாஷையில இந்த சொல்லையே எடுத்துக்கிட்டாங்க. தமிழ்நாடு குடிமைப் பணி ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள்னு இருக்கு. அதுல 17அ ன்னா சின்ன தண்டனைக்கான வழி, கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் மாதிரி. 17ஆ ன்னா பெருசு, வேலையே போகலாம். ஆபீஸ்ல யாரும் அ, ஆ ன்னு சொல்லமாட்டாங்க, "அவருக்கு செவன்டீன் பி குடுத்துட்டாங்கபா"ன்னு டீக்கடையில குரலை தாழ்த்தி சொல்லுவாங்க, கேன்சர்னு சொல்ற மாதிரி. தம்பி, பரீட்சைக்கு இதை பிடிச்சு வச்சுக்குங்க. இது தனி, 1973ல வந்த நடத்தை விதிகள் தனி. எப்படி நடக்கணும்னு சொல்றது நடத்தை விதி, நடக்கலன்னா இன்னா பண்ணுவோம்னு சொல்றது ஒழுங்கு விதி.

17ங்கற நம்பருக்கும் டிசிப்ளினுக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம் போல. 2009ல வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துலயும் பிரிவு 17தான் பிள்ளைங்களை அடிக்கக்கூடாது, மனசு நோக வதைக்கக்கூடாதுன்னு சொல்றது. அங்க சர்க்கார் ஊழியரை தண்டிக்கறதுக்கு 17, இங்க பிள்ளைங்களை காப்பாத்த 17. நாங்க படிக்கும்போது அப்பா பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விட்டுட்டு "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மீதியை உரிச்சிடுங்க சார்"னு சொல்லிட்டு போவாரு, வாத்தியாரும் சிரிச்சுக்கினே தலையாட்டுவாரு. அடியாத மாடு படியாதுன்னு பழமொழி வேற. அந்த பழமொழியை கவனிச்சு பாருங்க, மாடு படியறதும் பையன் படிக்கறதும் காதுல ஒண்ணாவேதான் விழுது. அடங்கறதும் கத்துக்கறதும் ஒண்ணுன்னு நம்மளை நம்ப வைக்க லத்தீன் தேவைப்படல, இந்த ஒரு பழமொழி போதுமானதா இருந்துச்சு. எனக்கு கணக்கு வாத்தியாரு நெறைய அடிச்சாரு, கணக்கு வரல. தமிழய்யா ஒரு அடிகூட அடிச்சதில்ல. இதுல இருந்து நீங்க எதுவேணா எடுத்துக்குங்க.

அந்த அடிக்கு நம்ம வச்ச மரியாதையான பேரு கண்டிப்பு. "அந்த ஸ்கூல் ரொம்ப கண்டிப்பு"ன்னு பெருமையா சொல்லி சேப்பாங்க. இந்த சொல்லு ஒரு விசித்திரம், வெட்டறதுங்கற அர்த்தத்துல இருந்து வந்து, திட்டறதுக்கும் கண்டிப்பு, அப்புறம் "கண்டிப்பா வரேன்"னா நிச்சயமா வரேன்னும் ஆயிடுச்சு. நம்ம ஊருல கண்டிப்பா வரேன்னு சொன்னவன் வந்ததே இல்லைங்கறது வேற விஷயம். அடக்கம்னு ஒண்ணு இருக்கு, அதை டிசிப்ளினுக்கு போடாதீங்க, பணிவுக்கும் அடக்கம், பொணத்துக்கும் அடக்கம், விலையில ஜிஎஸ்டி அடக்கம்.

கட்டுப்பாடுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. இதுல ஒரு கூட்டம் இருக்கு, கூட்டத்துக்கு ஒரு கட்டு இருக்கு. அண்ணா கடமை கண்ணியம் கட்டுப்பாடுன்னு சொன்னாரே, அந்த மூணாவது டிசிப்ளின்தான், ஒழுக்கம்னு சொல்லல பாருங்க. கட்சியில இருந்து ஒருத்தரை தூக்கும்போதும் 'கழகக் கட்டுப்பாட்டை மீறி, களங்கம் விளைவிக்கும் வகையில்'னு அறிக்கை வரும், எல்லா கட்சிக்கும் ஒரே டைப்பிஸ்ட்டுன்னு நான் நெனச்சுக்குவேன். இதே சொல்லு கிராமத்துக்கு போனா ஊர்க்கட்டுப்பாடு. அது ஒரு குடும்பத்துக்கு தண்ணி இல்ல, கடையில சாமான் இல்ல, யாரும் பேசக்கூடாதுன்னு ஒதுக்கி வைக்கறது. சாதி மாறி கல்யாணம் பண்ணதுக்கெல்லாம் இதை பண்ணியிருக்காங்க. அழகான சொல்லு, அசிங்கமான வேலை.

கட்டுப்பாடுன்னு மேல இருக்கறவன் எதை சொல்றான், கீழ இருக்கறவன் எதை கேக்கறான்ங்கறதுக்கு நம்ம வேலூர் கோட்டையைவிட நல்ல உதாரணம் எங்கயும் இல்ல. 1805 நவம்பர்ல மெட்ராஸ் ராணுவத்தோட தலைமை தளபதி ஜான் கிராடக் உத்தரவு போடறாரு. சிப்பாய் யூனிஃபார்ம்ல இருக்கும்போது நெத்தியில நாமம் விபூதி கூடாது, காதுல கடுக்கன் கூடாது, தாடி எடுக்கணும், மீசையை ஒரு அளவா வெட்டணும், அப்புறம் புதுசா ஒரு தலைப்பாகை, அதுல தோல்ல செஞ்ச ஒரு குஞ்சம். வெள்ளைக்கார தளபதிக்கு இது வெறும் பரேடு ஒழுங்கு, எல்லாரும் ஒரே மாதிரி தெரியணும், வேற ஒண்ணும் இல்ல. சிப்பாய்க்கு அது மதத்துல கை வைக்கறது. அதுலயும் தோலு எந்த மிருகத்துதுன்னு இந்துவுக்கும் சந்தேகம் முஸ்லிமுக்கும் சந்தேகம். 1806 மே மாசம் வேலூர்ல போட மாட்டேன்னு சொன்னவங்களை பிடிச்சு மெட்ராஸுக்கு அனுப்பி விசாரிச்சு கசையடி தண்டனை கொடுத்தாங்க. அது இன்னா சாதிச்சுதுன்னா ஜூலை 10 விடியறதுக்கு முன்னாடி கோட்டைக்குள்ள துப்பாக்கி வெடிச்சுது. திப்பு குடும்பம் வேற கோட்டைக்குள்ளதான் இருந்துச்சு. ஆற்காட்டுல இருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோட வந்து அன்னிக்கே அடக்கிட்டாரு, அரண்மனைக்குள்ள தஞ்சம் புகுந்தவங்களைக்கூட செவுத்து ஓரம் நிக்க வச்சு சுட்டாங்க. அப்புறம் பாருங்க வேடிக்கையை, அந்த தலைப்பாகை உத்தரவை வாபஸ் வாங்கிட்டாங்க, கிராடக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் லண்டன் திருப்பி கூப்பிட்டுக்கிச்சு. ஆக ஒழுங்குன்னு போட்ட உத்தரவே ஒழுங்கு இல்லன்னு ஆச்சு. ரொம்ப நாள் அதுக்கு கலகம்னு பேரு, இப்ப நாம புரட்சிங்கறோம், வேலூர் மக்கான் சந்திப்புகிட்ட அதுக்கு நினைவுத்தூண் நிக்குது. பஸ்ஸுக்கு நிக்கறவங்க யாரும் நிமிர்ந்து பாக்கறதில்ல.

ராணுவம்னதும் எங்க மாமா ஞாபகம் வராம இருக்காது. கணியம்பாடி தாண்டி கம்மவான்பேட்டைன்னு ஊரு, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பின ஊரு, பேரே ராணுவப்பேட்டைன்னு சொல்லுவாங்க. அங்க பொண்ணு எடுத்த வகையில அவரு எனக்கு மாமா, ஹவில்தாரா ரிட்டையர் ஆனவரு. எழுபத்தஞ்சு வயசுலயும் காலையில எழுந்து போர்வையை மடிச்சா ஸ்கேல் வச்சு அளக்கலாம், ஷூ பளபளன்னு இருக்கும். சர்வீஸ் பூரா ஒரு ரெட் இங்க் என்ட்ரி, அதாவது தண்டனை குறிப்பு, கெடையாதுன்னு நெஞ்சை நிமித்துவாரு. அதே மனுஷன் ரேஷன் கடைக்கு போனா வரிசையில நிக்க மாட்டாரு, "எக்ஸ் சர்வீஸ்மேன்டா"ன்னு நேரா ஜன்னல்ல கையை விடுவாரு. கேட்டா "அது பட்டாளத்து டிசிப்ளினு மாப்ள, இது சிவிலு"ம்பாரு. சிரிக்காதீங்க, அவரு சொல்றதுல நியாயம் இருக்கு. ஒரு எடத்துல பழகின டிசிப்ளின் இன்னொரு எடத்துக்கு தானா டிரான்ஸ்ஃபர் ஆகி போகாது.

வரிசைன்னு சொன்னதும் இன்னொரு அர்த்தம். விஐடில கம்ப்யூட்டர் படிக்கிற பசங்களுக்கு தெரியும், க்யூ டிசிப்ளின்னு ஒரு சமாச்சாரம் பாடத்துலயே வரும். மக்கள் அடிச்சுக்காம நிக்கறாங்களாங்கறது இல்ல அது, அடுத்தது யாரை எடுக்கறதுங்கற விதி. முதல்ல வந்தவனுக்கு முதல்ல, அது ஒண்ணு. கடைசியா வந்தவனுக்கு முதல்ல, அது எப்படின்னா திருவண்ணாமலை பஸ்ல கடைசியா ஏறி படியில தொங்கறவன்தான் முதல்ல எறங்கறான் இல்லயா, அது. ஆஸ்பத்திரில டோக்கன் 12 உக்காந்திருக்கும்போது நெஞ்சு வலின்னு வந்தவரை உள்ள கூட்டினு போறாங்களே, அது முன்னுரிமை விதி. இங்க போய் 'வரிசை ஒழுக்கம்'னு மொழிபெயர்த்தா அவ்ளோதான், எடுக்கும் முறைன்னு எழுதுங்க.

துறைக்கு வரேன். இது அழகான சொல்லு. ஆத்துல எறங்கற எடம் துறை, படித்துறை, வண்ணாந்துறை, துறைமுகம். அறிவுங்கற ஆத்துல எந்த எடத்துல எறங்கறோமோ அது நம்ம துறை, முழுசா கத்துத் தேர்ந்தவனை துறைபோனவன்னு பழைய தமிழ்ல சொன்னாங்க. பாலாத்துல எறங்கினா மணல்தான் இருக்கு, ஆனா சொல்லு இன்னும் ஈரமா இருக்கு. வம்பு இன்னான்னா டிபார்ட்மெண்ட்டுக்கும் துறைதான், டிசிப்ளினுக்கும் துறைதான். பொதுப்பணித்துறைன்னா கட்டடம், ஆளு, ஃபைலு. பொருளியல் துறைன்னா காலேஜ்ல அந்த ரூமும் ஆகலாம், அந்த படிப்பும் ஆகலாம். அதனால படிப்பைத்தான் சொல்றோம்னு தெளிவா காட்டணும்னா அறிவுத்துறைன்னு எழுதறது நல்லது. விளையாட்டுல இது பிரிவு ஆயிடும். நீர் விளையாட்டுன்னா நீச்சல் ஒரு பிரிவு, டைவிங் ஒரு பிரிவு. அங்கயும் ஒரு கண்ணி இருக்கு, எடை அளவுக்கும் நாம பிரிவுன்னுதான் சொல்றோம். பளுதூக்கற நம்ம சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவுலயும் 2018 கோல்ட் கோஸ்ட்டுலயும் காமன்வெல்த் தங்கம் வாங்கினது 77 கிலோ பிரிவு, அந்த பிரிவு டிசிப்ளின் இல்ல, எடை வகை. 2014ல மொத்தம் 328 கிலோ தூக்கினாரு. அதுக்காக எத்தனை வருஷம் சோறு அளந்து தின்னு தூக்கம் அளந்து தூங்கியிருப்பாரு, அதுக்கும் இங்கிலீஷ்ல டிசிப்ளின்தான் பேரு. நாம அதை இன்னான்னு சொல்லுவோம்?

அதுக்கு எங்க பாட்டிகிட்ட வார்த்தை இருந்துச்சு, ஆனா அது டிக்ஷனரில டிசிப்ளினுக்கு நேரா இருக்காது. காப்பு கட்டறது. கெங்கையம்மன் சிரசு திருவிழா வைகாசி ஒண்ணாந்தேதி, உங்க குடியாத்தத்துலயேதான், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. திருவிழாவுக்கு காப்பு கட்டிட்டா கவிச்சி இல்ல, சண்டை சச்சரவு இல்ல, சுத்தபத்தமா இருக்கணும், ஊரை விட்டு போகக்கூடாதுன்னு பல ஊருல வழக்கம். யாரு மெமோ கொடுக்கறாங்க? தினமும் குடிக்கறவன் அத்தனை நாளும் கடைப்பக்கம் தலைகாட்ட மாட்டான். காப்பு அவுத்த அன்னிக்கு சாயந்தரம் போவான், அது அவன் கணக்கு. விரதம், நோன்பு, நியமம் எல்லாம் இந்த வகைதான். தனக்குத்தானே போட்டுக்கற கட்டு, ஒரு தேதியில ஆரம்பிச்சு ஒரு தேதியில முடியறது.

இப்ப உங்க மூணு வாக்கியம். முதலாவது 'ஒழுங்கு நடவடிக்கை தொடங்கப்பட்டது', கண்ணை மூடிக்கினு எழுதுங்க, தவறிக்கூட ஒழுக்கம் வேணாம், மேல கதை படிச்சீங்க இல்ல. ரெண்டாவது 'பொருளியல் ஓர் அறிவுத்துறை'. மூணாவதுதான் கஷ்டம், ஏன்னா டிசிப்ளினை வினைச்சொல்லா நாம வச்சுக்கவே இல்ல, சுய ஒழுக்கம் பேணுக, தன்னைத்தானே நெறிப்படுத்திக்கொள்கன்னு எழுதலாம், மார்க் விழும், எவனும் வாயால சொல்ல மாட்டான். நான் இதை எழுதி முடிச்சுட்டு எங்க வீட்டம்மாகிட்ட கேட்டேன், இதை தமிழ்ல எப்படி சொல்லுவன்னு. அரிசி பொடைச்சுக்கினே தலையை நிமித்தாம சொன்னாங்க, "ஒழுங்கா இரு."